அன்னைக்கு நீ விட்டுக்குடுத்தியா, சங்கீ?

என் வீம்புக்காரி சங்கீதாவுக்கு,

நல்லா இருக்கியான்னு உன்னைக் கேக்க முடியாது. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஸ்கூல் விளையாட்டு விழாவுல எண்ணூறு மீட்டர்ல நான் ஃபர்ஸ்ட். சிரிக்காதடி. எனக்கே நம்பிக்கை இல்ல.

என் இடது கை பொறந்ததுலேர்ந்தே முழங்கையோட சரின்னு உனக்குத் தெரியும். திரும்புற இடத்துல உடம்பை ஒரு பக்கமா இழுக்கும். எப்பவும் அங்கதான் காஞ்சனா என்னைத் தாண்டுவா. அன்னைக்குத் தாண்டல. கடைசி வரைக்கும் பின்னாலயே வந்தா. கோட்டைத் தாண்டிட்டு நான் நாக்கு தள்ளி நிக்கிறேன், அவ ஜடையைச் சரி பண்ணிக்கிணு நிக்கிறா. நம்ம சின்ன கிரவுண்டை நாலு சுத்து ஓடினவளுக்கு மூச்சு வாங்காதா?

அதுலேர்ந்து யாரைப் பாத்தாலும் சந்தேகம். ஏன் அவ்ளோ நேரம் கை தட்டினாங்க? தமிழ் டீச்சர் ஏன் கண்ணைத் தொடச்சாங்க? பரிசா வந்த எவர்சில்வர் டப்பாவுல அம்மா சாமைச்சோறு போட்டுக் குடுத்தாங்க, வேணாம்னுட்டேன். "ஜெயிச்சிட்டு எவளாவது மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்குவாளா?"ன்னு செம திட்டு.

காஞ்சனாவைத் தண்ணிக் குழாய்கிட்ட மடக்கினேன். "சத்தியமா சொல்லு, விட்டுக்குடுத்தியா?"

"போடி, கால் புடிச்சிக்கிச்சு."

"எந்தக் காலு?"

மொதல்ல வலதுன்னா. அப்புறம் இடதுன்னா. அப்புறம் அழுதுட்டா. "பெரிய மனுஷங்க வந்து பரிசு குடுக்கறாங்க, ஒரு தடவை நீ வாங்கட்டுமேன்னு கூட ஓடின நாங்க நாலு பேரும் பேசிக்கிணோம். நல்லதுன்னு நெனச்சிதான்டி செஞ்சோம்."

நல்லதாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவ ஜடையைப் புடிச்சி இழுத்திருப்பேன்.

இந்த லட்சணத்துல பி.டி. சார் என் பேரை வட்டாரப் போட்டிக்கு எழுதிட்டாரு. மலையிறங்கிப் போயி, ரெண்டு கை இருக்கற கீழ்நாட்டுப் பொண்ணுங்களோட ஓடணும். அங்க எனக்காக யாரும் பேசி வெச்சிருக்க மாட்டாங்க. ஃபாரத்துல அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு, என்னுதுதான் பாக்கி. திங்கக்கிழமை குடுக்கணும். நான் நெஜமாவே ஓடறவளா, இல்ல எல்லாருமா சேந்து என்னை ஓட வுடறாங்களா?

எனக்கு இருந்த ஒரே சாட்சி நீதான். பஸ் நிக்கிற இடத்துலேர்ந்து உங்க வூட்டுப் புளியமரம் வரைக்கும் தெனம் ஓடுவோமே, ஒரு நாளாவது நீ இரக்கம் பாத்திருக்கியா? தோத்தா "கையைச் சாக்கு சொல்லாத"ன்னுவ. ஒரே ஒரு நாள் நான் மரத்தை மொதல்ல தொட்டேன். அதுக்கு அடுத்த மாசம் சாமைக் காட்டுல உன்னைப் பாம்பு கடிச்சிடுச்சு.

இப்ப அந்த நாள் மேலயும் சந்தேகம் வந்துடுச்சு. அன்னைக்குக் காலையிலதானே, இனிமே ஓட வரலன்னு உங்கிட்ட அழுதேன்? நீயும் விட்டுக்குடுத்தியா?

மனசு கேக்காம உங்கம்மாகிட்ட போனேன். நீ போனதுலேர்ந்து அவங்க எனக்கு முகம் குடுத்துப் பேசறதில்ல. புளியில கொட்டை எடுத்துக்கிணு இருந்தாங்க. நான் கேட்டதும் கை நின்னுடுச்சு.

"அன்னைக்கா? வந்ததும் பையைத் தூக்கி எறிஞ்சா. களியைத் தொடவே இல்ல. இன்னாடின்னா, 'உயிரைக் குடுத்து ஓடியும் அவளைப் புடிக்க முடியலம்மா'ன்னு ஒரே அழுகை. எம்பொண்ணு இந்த வூட்ல பட்டினியா படுத்தது அந்த ஒரு நாளுதான். உன்னாலதான்."

ஆறுதலுக்குச் சொல்றவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க, சங்கீ. அந்தக் கோவம் அவங்க மூஞ்சில இன்னும் அப்படியே இருந்துச்சு. நான் அங்கேயே உக்காந்து அழுதேன். சந்தோஷமா துக்கமான்னு எனக்கே தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு கொஞ்சம் புளியை என் பக்கம் தள்ளினாங்க. முழங்கையால அமுக்கிப் புடிச்சு நானும் கொட்டை எடுத்தேன்.

வூட்டுக்கு வந்து ஃபாரத்துல கையெழுத்துப் போட்டேன். காஞ்சனாகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே விட்டுக்குடுத்தா பேச்சே கெடையாதுன்னு. நேத்து ஓடினோம். திருப்பத்துல என்னைத் தாண்டிப் போயிட்டா, பாவி. அவளுக்கு நல்லா மூச்சு வாங்குச்சு.

போட்டி முடிஞ்சதும் நேரா அந்த மரத்துக்கு வருவேன், இது சத்தியம். தோத்தா தோத்தேன்னு சொல்லுவேன். ஜெயிச்சா, பின்னால வந்தவளுக்கு மூச்சு வாங்குதான்னு பாத்துட்டுதான் சொல்லுவேன்.

உன்னை ஒரு வேளை பட்டினி போட்ட உன் சிநேகிதி,
தேவகி