இருசப்பன் அண்ணனின் டிராக்டர்

அன்புள்ள மாமாவுக்கு,

ஃபோனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சிங்கப்பூர் போகுமுன் என் பெயரில் வாங்கிய வங்கிப் பங்குகளை ஏன் விற்றாய் என்று கேட்டீர்களே. சித்திரையில் அந்த வங்கி கள்ளக்குறிச்சியில் கடன் விழா நடத்தியது. நம் பக்கத்து வீட்டு இருசப்பன் அண்ணன் கழுத்தில் மாலையோடு புது டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு நெலமே இல்லியேண்ணே, எதுக்கு டிராக்டரு?" என்றேன்.

"அதயேதான் நானும் மேனேஜராண்ட சொன்னேன். பரவால்ல, கையெழுத்துப் போடுங்க, டார்கெட்டு முடிக்கணும்னுட்டாரு. எனக்கு ஓட்டவும் தெரியாது!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கூலிக்குப் போகிறவருக்கு இப்படிக் கொடுத்தால் கடன் எப்படித் திரும்பி வரும்? நம் சேமிப்பும் அந்த வங்கியை நம்பித்தானே இருக்கிறது? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பங்குத் தரகர் ஆபீசுக்குப் போய் அத்தனையையும் விற்றேன்.

பிறகு விலை ஏறிக்கொண்டே போனது. அத்தை என்னோடு பேசவில்லை. நீங்களும் ஃபோனில் முகம் கொடுக்கவில்லை. சமைக்கும்போது அழுதுவிட்டு வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

நேற்று டிவியில் பார்த்திருப்பீர்கள். வாராக்கடன் குவிந்து அந்தப் பங்கு கால்வாசி விலைக்கு விழுந்துவிட்டது. அத்தை கேசரி கிண்டி, "சக்கர ஜாஸ்தியா போட்டுகிறேன், துன்னு" என்று நீட்டினார். டிராக்டரை வங்கி எடுத்துப் போனதில் இருசப்பன் அண்ணனுக்கு ஒரே நிம்மதி.

விற்ற பணத்தில் கிணற்றுக்கு மோட்டார் வைத்து மரவள்ளி நட்டிருக்கிறேன். சிங்கப்பூர் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்க வேண்டாம். கிழங்கு பிடுங்க ஆள் வேண்டும், வாருங்கள்.

கோபம் தீர்ந்துபோன,
உங்கள் வீட்டுக்காரி