தொட்டில் கொக்கி இல்லாத வீடு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. எட்டு மணிக்கே சூப்பர்வைசர் முருகேசன் போன். "மேடம், பி-7ல சீலிங் பேந்துடுச்சுங்க. உடனே வாங்க."

நல்லம்பள்ளி பக்கம் அரசாங்கத்துக்காக எங்கள் கம்பெனி கட்டிய குடியிருப்பு. கட்டிய என்பது பெரிய வார்த்தை. சுவர், தளம் எல்லாம் ஓசூர் ஃபேக்டரியில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து கிரேனால் அடுக்கியது. மூன்று மாடி. டிசைன் நான்.

பி-7ல் கவிதா, அவள் கணவன், ஐந்து மாதப் பெண் குழந்தை. ஹால் கூரையில் டிரில் போட்டுக் கொக்கி மாட்டி, சேலையில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கான்கிரீட் தளப் பலகை உள்ளே பொந்து. கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் தாங்காது. நேற்று சாயங்காலம் கொக்கி பிடுங்கிக்கொண்டு, தொட்டிலோடு குழந்தை கீழே. நல்லவேளை பாய் விரித்திருந்தது. நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். ஆஸ்பத்திரியில் பயமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

வாசலில் பத்துப் பேர். மேல் வீட்டுக்காரர், "எங்க தரையே எறங்கிடும் போலங்க" என்று ஒரே கத்தல். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "டிரில் போடக்கூடாதுன்னு சாவியோட குடுத்த கையேட்டுல இருக்குல்ல? படிக்கத் தெரியாதா?" கவிதாவைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால்.

அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "டீ சாப்பிடறீங்களா மேடம்?"

சாப்பிட்டேன். சர்க்கரை தூக்கல்.

13, புதன்

அறிக்கை எழுதி அனுப்பியாச்சு. காரணம்: குடியிருப்பாளர் விதிமீறல். ஒரே வரி. மேனேஜர் சாருக்கு ரொம்பத் திருப்தி.

மதியம் முருகேசன்: "அந்த பி-7 வூட்டு ஒதுக்கீட்டைக் கேன்சல் பண்றாங்களாமே மேடம். திங்கக்கிழம விசாரணையாம். முன்ன ஏரிக்கரையில தகரக் கொட்டாய்ல இருந்தவங்க. இப்ப அதுவும் இல்லீங்க. பச்சக் கொழந்தைய வெச்சுக்கிட்டு எங்க போவாங்க?"

"விதின்னா விதிதான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வாங்க வேண்டியது: ஷாம்பூ, பேனா, தங்கை குழந்தைக்குச் சட்டை, குடை (பழையது கம்பி போச்சு).

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். அந்தக் கையேடு இங்கிலீஷில் இருக்கிறது. தமிழில் எழுதித் தர வேண்டியவள் நான். ஏப்ரலிலிருந்து "இந்த வாரம் முடிச்சிடறேன் சார்".

15, வெள்ளி

லீவு. அரூர், தங்கை வீடு. பஸ்ஸில் தருமபுரியிலிருந்து நின்றுகொண்டே. சட்டை சின்னதாகப் போய்விட்டது. மாப்பிள்ளை சிரித்தார்.

"கொஞ்சம் ஆட்டிட்டு இரு" என்று தொட்டிலை என்னிடம் விட்டுவிட்டுத் தங்கை துணி காயப் போடப் போனாள். ஆட்டிக்கொண்டே மேலே பார்த்தேன். கொக்கி. ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் இன்னொன்று. அவள் வந்ததும், இதை யார் வைக்கச் சொன்னது என்று கேட்டேன்.

"காங்கிரீட் போடற அன்னைக்கு மேஸ்திரி என்னையதான் கூப்புட்டுக் கேட்டாரு, தொட்டிக் கொக்கி எங்கம்மா வெக்கறதுன்னு. கல்யாணமாகி மூணு மாசம் அப்ப. வெக்கமா போச்சுக்கா. கைய மட்டும் காட்டுனேன்."

எங்கள் பக்கம் எந்த மேஸ்திரியும் இதைக் கேட்காமல் கூரை போடமாட்டார். நான் என்ன லண்டனிலா பிறந்தேன்? பாப்பிரெட்டிப்பட்டி. ஃபேக்டரியில் பலகை வார்க்கும்போது பக்கத்தில் நிற்க எந்த வீட்டுப் பெண்ணும் இல்லை. அவளுக்காகக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவள் நான்தான்.

கறிக்குழம்பு. பாதியிலேயே கை கழுவிவிட்டேன். "உடம்பு சரியில்லையாக்கா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

16, சனி

தூறல். பழைய டிராயிங்குகளைத் தேடி எடுத்தேன். மறந்துபோனேன் என்றாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே திறந்தேன்.

மறக்கவில்லை. முதல் வரைவில் கொக்கி இருக்கிறது. ஹாலுக்கு நடுவில், தனிக் கம்பி வைத்த பலகை, வீட்டுக்கு ஒன்று. மூன்றாவது வரைவில் அதன்மேல் சிவப்புக் கோடு. என் கையெழுத்து: "நீக்கலாம். பலகை வார்க்கும் அச்சு ஒன்று மிச்சம். தொட்டில் கடையில் கிடைக்கிறது."

செலவைக் குறைத்ததற்காக அந்த வரைவு மீட்டிங்கில் எனக்குக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சிரித்தது கூட ஞாபகம் இருக்கிறது. கடைத் தொட்டிலை அந்த ஹாலில் வைத்தால் கதவு திறக்காது. ஹாலின் அகலமும் நான் போட்டதுதான்.

சீ.

18, திங்கள்

விசாரணை. சிவப்புக் கோடு போட்ட டிராயிங் பைக்குள். கவிதாவும் கணவனும் சுவர் ஓரமாக நின்றார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரவில்லை.

எழுந்து, "டிசைனில் ஒரு குறை இருந்திருக்கலாம்" என்று ஆரம்பித்தேன். இருந்திருக்கலாமாம்! என் சாமர்த்தியம்.

ஒதுக்கீட்டு அதிகாரி: "யாரோட குறைங்க?"

மேனேஜர் சார் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுதுங்க சார்." டிராயிங்கை எடுத்து வைத்தேன். கையேடு விஷயத்தையும் சொன்னேன். அதிகாரியின் முடிவு: கேன்சல் இல்லை. சுவருக்குச் சுவர் இரும்புச் சட்டம் போட்டுக் கொக்கி வைத்துத் தர வேண்டும், எல்லா வீட்டுக்கும், எங்கள் செலவில்.

திரும்பும்போது சார் காரில் இடமில்லை. பஸ். அடுத்த புராஜெக்டில் என் பெயர் இருக்காது என்று முருகேசன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் சொன்னான்.

19, செவ்வாய்

வெயில். பி-7க்கு அளவெடுக்கப் போனேன். அளவெடுக்க முருகேசன் போதும். மன்னிப்புக் கேட்கப் போனேன்.

குழந்தை பாயில் தூக்கம். வீக்கம் வடிந்திருந்தது. கொக்கியை எடுத்தது நான், கையேட்டைத் தமிழில் தராததும் நான் என்று மடமடவென்று சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது.

கவிதா துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கொக்கி பரவாயில்லீங்க மேடம். ஓட்ட போட்டது எங்க தப்புந்தான். ஆனா நான் பத்தாவது வரைக்கும் படிச்சவங்க. இப்ப கீழ தண்ணி புடிக்கப் போனா, படிக்கத் தெரியாதவ வர்றான்னு சிரிக்கறாங்க."

டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மடித்து முடித்தாள். குழந்தை பக்கம் போய் உட்கார்ந்தாள்.

டீ சாப்பிடறீங்களா என்று கேட்கவில்லை.