மேலேயும் பெருக்க வேண்டும்

2-2-1973
ரோச் அண்ணனோடு வள்ளத்தில். அவன் சங்கு குளிக்க இறங்கினால் அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை என் இடது மணிக்கட்டில். ஒரு இழுப்பு என்றால் தூக்க வேண்டும். மடியில் பி.எஸ்சி. அரியர்ஸ் கணக்கு. சிரித்தான்: "ஏலே காலேஜு, நான் இழுக்கப்ப நீ கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்னு வையி, மேல வந்து கன்னத்தப் பேத்துருவேன்."

6-2
அண்ணன் மேலே வரவில்லை.

9-2
மூன்று நாள் தேடியும் உடல் இல்லை. எல்லோரிடமும் நான் சொன்னது ஒரே வாக்கியம்: கயிறு அசையவே இல்லை, வெறுங்கயிறுதான் வந்தது.
இழுத்தான். ஒரு இழுப்பு. இந்த வரி முடியட்டும் என்று நினைத்தேன் — ஒரு வரிதானே?

20-2
அம்மா கோயிலில் இறந்தவர்களுக்கான பூசைக்குக் கொடுக்க மறுக்கிறாள். "அசையலன்னு தம்பியே சொல்லுதான். மூச்சு முட்டுனா இழுத்திருப்பாம்லா? கயித்த அவுத்துட்டு நீந்திப் போயிருக்கான். பெரியதாழப் பக்கம் கரையேறி வருவான்."
தினமும் அவனுக்குத் தட்டு வைக்கிறாள்.

4-3
அன்றைய நோட்டைத் திறந்தேன். (5 + 10i) ÷ (1 − 2i). கீழே i நிற்கக் கூடாது. அதன் இணை — குறி மட்டும் மாறிய 1 + 2i — அதனால் பெருக்கினால் 5. அதோடு பென்சில் நின்றிருக்கிறது. மேலே பெருக்கவில்லை. அப்படியே வகுத்தால் 1 + 2i. எவ்வளவு சுத்தமான விடை.
தப்பு.

15-3
முற்றத்தில் சுருட்டி வைத்த கயிறு நனைந்திருந்தது. நேற்றும். மழை இல்லை. முனையை நாக்கில் வைத்தேன். உப்பு.

3-4
பரீட்சை. மூன்றாம் கேள்வி அதே வகை. இணையை எழுதினேன். கீழே பெருக்கினேன். இடது மணிக்கட்டில் ஒரு இழுப்பு.
பேனாவைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் இழுத்தேன். வெறும் காற்று. ஹாலே திரும்பிப் பார்த்தது. எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.
அன்று அவன் இழுத்ததை அம்மாவிடம் சொன்னேன். அடுப்பிலிருந்து திரும்பவில்லை.
"எத்தன தடவ இழுத்தான்?"
"ஒரு தடவம்மா."
"கயிறு தெனமும் ஈரமா கெடக்கு. நான்தான் வாயத் தொறக்கல." அவன் தட்டை எடுத்துக் கவிழ்த்தாள்.

7-4
அண்ணனுக்குப் பூசை. அம்மா இன்னும் என்னிடம் பேசவில்லை.
நோட்டில் மேலேயும் பெருக்கினேன். −15 + 20i. ஐந்தால் வகுத்தால் −3 + 4i.

8-4
கயிறு காய்ந்திருந்தது.
என் இடது கன்னம் வீங்கியிருக்கிறது. அம்மா அடிக்கவில்லை.