சங்குக்கு நின்ற வண்டி

நலம் பொலிக. மழை தவறாத மருதவெளி நாட்டை உடையவனும், ஏழு மதகுகளின் காவலனும், சங்கு இலச்சினை தரித்தவனுமாகிய நெடுவெளியன், நெய்தலங்கரைத் துறைநாட்டை ஆளும் நம் அம்மான் வில்லவதரையர் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் குறையின்றிக் கரைசேர்க. தங்கள் குடிகள் பசியறியாது வாழ்க. அம்மாமியாரின் முழங்கால் நோவு தணிக. இங்கு அரண்மனையில் யாவரும் நலம். நாம் மட்டும் நலமாக இல்லை.

தங்கள் ஊரில் பிறந்து, நம் தலைநகரின் தெருக்களை வகுக்கும் பணிக்குத் தங்கள் பரிந்துரையோடு வந்த சேந்தி என்னும் இளம்பெண்ணைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வந்த முதல் மாதம் அவள் ஒரு கோடும் கிழிக்கவில்லை. விடியலில் கீழைவாயிலில் நின்று, தலைச்சுமையோடு வருவோரை எல்லாம் நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாழிகை நடந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள் நம் அமைச்சர்கள். நாமும் சிரித்தோம்.

பின்பு அவள் சபைக்கு வந்தாள். குயத்தி ஒருத்தி ஐந்து நாழிகை நடந்து வந்து சேர்வதற்குள் சந்தை கலைந்துவிடுகிறது, அது அவள் சோம்பல் அன்று என்றாள். யாரும் ஏறலாம், குறித்த வேளையில் குறித்த மரத்தடியில் நிற்கும், ஆள் நிறையாவிட்டாலும் புறப்படும், அப்படிப்பட்ட பொதுவண்டிகள் வேண்டும் என்று கேட்டாள். பேச்சின் வேகத்தில் சபையின் தரையிலேயே சுண்ணக்கட்டியால் வழிகளை வரைந்துவிட்டாள். அதை அழிக்க நம் ஏவலர் பட்ட பாடு பெரும்பாடு.

பல்லக்கில் செல்லும் பெருந்தெருவார் மறித்தார்கள். கண்டவர்களும் ஏறிய வண்டி தங்கள் வாயிலைக் கடந்தால் பல்லக்குக்கு என்ன மதிப்பு என்றார்கள். நம் நாட்டுப் பழவழக்கம் தாங்கள் அறிந்ததே: பல்லக்கின் முன் சங்கு ஊதினால், வழியில் உள்ள வண்டி நின்று, மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்க்க வேண்டும், பல்லக்கு கண்மறைந்த பிறகே பூட்ட வேண்டும். மற்ற வண்டிக்காரர்கள் அவிழ்ப்பதுபோல் பாசாங்கு செய்து சந்தில் நழுவிவிடுவது ஊரறிந்த செய்தி. தன் வண்டிகள் எப்படியாவது ஓடினால் போதும் என்று சேந்தி, பொதுவண்டி ஒருநாளும் நழுவாது எனச் சபை கேட்டபடியே தன் கையால் எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்து நாம் மகிழ்ந்தோம், அம்மானே. இப்போது நெஞ்சை அறுப்பது அதுதான்.

பத்து மாதம் வண்டிகள் ஓடின. குயத்தி சந்தைக்கு முதல் ஆளாக வந்தாள். தாய்வீடு போன பெண்கள் மாலைக்குள் திரும்பினார்கள். சேந்தி நாள்தோறும் ஏதாவதொரு வண்டியின் பின்கட்டையில் தொற்றிக்கொண்டு போவாளாம். அவளைப்போல் மகிழ்ச்சியான உத்தியோகஸ்தரை நாம் கண்டதில்லை.

ஆவணியில், கரும்புத் தோட்டத்தில் நாகம் தீண்டிய மாசாத்தன் என்னும் கூலியாளை அவன் மனைவி பொதுவண்டியில் ஏற்றினாள். விஷவைத்தியர் வீடு நாலாவது மரத்தடிக்கு எதிரே. அன்று சேந்தியும் அந்த வண்டியில் இருந்தாள். இரண்டாவது மரத்தடியைத் தாண்டியதும் சங்கு கேட்டது. வண்டியோட்டி, அவள் கற்பித்தபடியே, இறங்கி மாடுகளை அவிழ்த்தான். பூட்டு, ஓட்டு என்று அவள் அலறினாளாம். எழுதிக் கொடுத்தவரே மீறச் சொன்னால் நாளை வண்டியையே நிறுத்திவிடுவார்களே என்று அவன் திகைத்து நின்றானாம். அவளே மாசாத்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்றாவது மரத்தடியில் அவன் மூச்சு நின்றுவிட்டது.

பல்லக்கில் இருந்தவர் யார் என்று கேட்பீர்கள். நாம்தான். குளத்தில் புதிதாய்ப் பூத்த தாமரையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். குலுங்காமல் மெல்லச் செல்லுங்கள் என்று சிவிகையாரிடம் நாமே சொல்லியிருந்தோம்.

மறுநாள் அவள் சபைக்கு வந்து, நம்மை ஒரு சொல்லும் பழிக்காமல், அவனைக் கொன்றது தன் எழுத்தே என்று சொல்லி, தெருக்களை அளக்கும் தன் அளவுகோலை நம் காலடியில் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள். வண்டிகள் கொட்டிலில் கிடக்கின்றன. கீழைவாயிலில் மறுபடியும் தலைச்சுமையோடு நடக்கிறார்கள். மாசாத்தன் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவன் மனைவி கதவைத் திறக்கவில்லை. அதை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை.

ஆகையால் நம் ஆணை: இன்றுமுதல் இந்நாட்டில் எவர் பல்லக்கின் முன்னும் சங்கு ஊதலாகாது. பொதுவண்டி வந்தால் பல்லக்கு ஒதுங்குக. நம் பல்லக்கு முதலில் ஒதுங்குக.

சேந்திக்கு ஆணை ஏதும் இல்லை. இத்துடன் வரும் அளவுகோலை அவளிடம் சேர்த்து, அப்படி எழுதித் தரக் கேட்ட சபையும் அதைப் படித்து மகிழ்ந்த அரசனும்தான் குற்றவாளிகள் என்று நாம் சொன்னதாகச் சொல்லுங்கள். அவள் வராமலும் போகலாம்.

இவ்வோலை அரண்மனைக் குதிரையில் வரவில்லை. கொட்டிலில் கிடந்த வண்டி ஒன்றைப் பூட்டி, யாரும் ஏறலாம் என்று பறையறைவித்து, அதில் அனுப்புகிறோம். வழிநெடுக மரத்தடிதோறும் நின்று வரும், தாமதம் பொறுத்தருள்க.

நம் ஆட்சியாண்டு ஒன்பது, ஐப்பசித் தேய்பிறை ஐந்தாம் நாள், நம் கையெழுத்தும் அரக்கில் சங்கு இலச்சினையும் இட்டோம். இனி இந்நாட்டில் அரசனின் சங்கு இந்த அரக்கில் மட்டுமே இருக்கும்.