ஞாயிற்றுக்கிழமை ஹர்ஷா

மௌலா அலி
3.2.2025

உங்களுக்கு நமஸ்காரம்.

நான் சௌக்கியம். அக்காவும் அத்திம்பேரும் சௌக்கியம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கடை மாவு வாங்கினால் தேதி பார்த்து வாங்குங்கள். பொருளாதாரப் பேராசிரியர் இதையெல்லாம் ரேடியோவில் ஊருக்குச் சொல்வார், தான் பார்க்க மாட்டார்.

போனை நான் எடுப்பதில்லை என்று வருத்தப்பட வேண்டாம். உங்கள் குரல் எனக்கு ரேடியோவாகவே கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். இதே ஊரில் இருக்கும் திருமுல்கேரிக்குத் தபாலா என்று அத்திம்பேர் சிரிக்கிறார்.

விஷயம் இதுதான். உங்கள் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு இருபத்தைந்து வருடம் நிறைகிறதாம். பழைய பேச்சுகளில் ஐம்பதை மறுபடி ஒலிபரப்பப் போகிறார்களாம், உங்கள் கையெழுத்துதான் பாக்கியாம். தயாரிப்பாளர் இர்பான் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஐம்பதில் முப்பத்தொன்றில் உதாரணமாக நம் பிள்ளை ஹர்ஷா இருக்கிறான். பால்பவுடர் டப்பாவில் ஆரம்பித்து பைக் கடன் வரைக்கும்.

இன்னொன்றும் சொன்னார். அவனுடைய பத்தாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோவில் நீங்கள் பேசினீர்கள். ‘எங்கள் ஹர்ஷாவுக்கு முதல் தோசை அமிர்தம், ஐந்தாவது தோசை தண்டனை’ என்றீர்கள். கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். நிலையத்தின் தவறு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்களைக் கேட்டுத்தான் போட்டாராம்.

ஏன் சரி என்றீர்கள்? அதைச் சொல்லுங்கள். இந்த ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டால் நான் திரும்பி வர மாட்டேன். மிரட்டவில்லை, தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
கல்பகம்


திருமுல்கேரி
8.2.2025

அன்புள்ள கல்பகத்துக்கு ஆசிகள்.

உன் கடிதம் வந்தது. மாவு தேதி பார்த்தே வாங்குகிறேன்.

நாலு வாரப் பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து கொடுத்துவிடுவது என் வழக்கம், உனக்குத் தெரியும். அந்தத் தோசைப் பேச்சு மே மாதம் பதிவானது. இர்பான் கேட்டது உண்மை. உன்னிடம் மறைத்தது என் தப்பு.

ஏன் சரி என்றேன் என்று கேட்கிறாய். அந்தக் கால்மணி நேரமாவது நம் பிள்ளை லட்சம் வீடுகளில் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். சாவு ஒரு வீட்டில்தான் நடக்கிறது. குரல் எல்லா வீட்டுக்கும் போகிறது. இந்த ஐம்பதையும் நீ அப்படிப் பார்க்கலாம்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சாம்பசிவம்


மௌலா அலி
12.2.2025

உங்களுக்கு நமஸ்காரம்.

நீங்கள் எழுதியது கேட்க நன்றாக இருக்கிறது. நிகழ்ச்சியில் சொன்னால் நாலு பேர் பாராட்டுவார்கள். நான் கேட்டது காரணம்.

நேற்று ஸ்டேஷன் பக்கம் கறிகாய் வாங்கப் போனேன். கடைக்காரம்மா என் பெயரைக் கேட்டதும் “கல்பகம் காரு! ரேடியோ கல்பகம் காரு! ஹர்ஷா பாபு பாகுன்னாடா?” என்றாள். நன்றாக இருக்கிறான் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அரைக்கிலோ அவரைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். அழுகை வரவில்லை. எட்டு மாதமாக வரவில்லை. ஊறவைத்த துணி மாதிரி கிடக்கிறேன்.

முழங்கால் அப்படியே இருக்கிறது.

கல்பகம்


திருமுல்கேரி
21.2.2025

கல்பகம்,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

பத்தாம் நாள் காலை இர்பான் போன் செய்தபோது நான் வாத்தியாருக்கு எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். “சார், ஓட்டவா, நிறுத்தவா?” என்றான். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிறும் விட்டதில்லை, நிறுத்தினால் அந்த நேரம் காலியாகிவிடுமே என்பது மட்டும்தான் தோன்றியது. ஓட்டு என்றேன். அவ்வளவுதான். லட்சம் வீடு, உயிர் என்றெல்லாம் எழுதியது பின்னால் சேர்த்தது.

கையெழுத்துப் போடவில்லை. ஐம்பதையும் வாங்கிவந்து வீட்டில் போட்டுக் கேட்டேன். பாதிக்கு மேல் நான் கட்டிய கதை. சைக்கிளா, கிரிக்கெட் மட்டையா என்று தெரியாமல் ஹர்ஷா கடைவாசலில் நின்று அழுதான் என்று சொல்லியிருக்கிறேன். நான் அவனை எந்தக் கடைக்கும் கூட்டிப்போனதில்லை. தோசையும் அப்படித்தான். அவன் சாப்பிடும்போது நான் வகுப்பிலோ ஸ்டூடியோவிலோ இருந்திருப்பேன்.

இப்போது அவனை நினைத்தால் அந்தக் கடைவாசல்தான் வருகிறது. நடக்காத இடத்தில் நிற்கிற பையன். அவனுக்காக எப்படி அழுவதென்று தெரியவில்லை. எனக்கும் எதுவும் உறைக்கவில்லை, கல்பகம். பயமாக இருக்கிறது.

நீ அவனோடு இருந்தவள். நிஜமாக அவன் சொன்னது, செய்தது, ஒன்றே ஒன்று எழுது. எங்கேயும் சொல்ல மாட்டேன். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

சாம்பசிவம்


மௌலா அலி
27.2.2025

உங்களுக்கு நமஸ்காரம்.

கடிதத்தை நாலு தரம் படித்தேன். இந்தத் தடவை நீங்கள் எழுதியதாக இருந்தது. பதில் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

எல்லாமே நீங்கள் கட்டியது இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அவன் கணக்கில் தேறவில்லை. என்னிடம் சொன்னான், நான் உங்களிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு தோல்விக்கு என்ன மதிப்பு என்று கால்மணி நேரம் பேசினீர்கள், அவன் பெயரைச் சொல்லி. திங்கட்கிழமை பள்ளிக்கூட பஸ்ஸில் டிரைவர் உட்பட எல்லோரும் அவனைத் தேற்றினார்களாம்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் வந்து நின்றான். “அம்மா, இனிமே நான் சொல்றது உன்னோட இருக்கட்டும். அப்பாகிட்ட நக்கோ, சொல்லவே வேண்டாம். ரேடியோல சொல்லிடுவார்” என்றான். சரிடா என்றேன். அதற்கப்புறம் பத்து வருடம் எதுவானாலும் என்னிடம்தான் வந்து சொன்னான். நிறையச் சொன்னான்.

அதெல்லாம் என்னிடம் இருக்கிறது. பெற்ற தகப்பன் ஒன்றே ஒன்று கேட்கிறீர்கள், கேட்பதில் தப்பே இல்லை. நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள் என்றும் நம்புகிறேன். ஆனால் அவனிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அவனைக் கேட்டு மாற்றிக்கொள்ள வழியில்லை.

கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். நான் தடுக்கவில்லை. அந்த ஐம்பதில் இருக்கிறவனையும் பிடுங்கிக்கொண்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. வேறெதுவும்கூட இல்லை.

பீரோவில் இரண்டாம் தட்டில் இருக்கும் என் புடவைகளைப் பையில் போட்டு ஆட்டோவில் அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.

கல்பகம்