பெட்ரோல் மூடியின் ஓட்டை

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். அவர் கட்டிய விமானம் எங்களைவிட நலம். அதற்கு வேளாவேளைக்குத் துடைப்பு, பூச்சு, போர்வை எல்லாம் நடக்கிறது, எனக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆளில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? போன மாதம் போனில் சும்மா இருக்காமல், காற்று பிடித்து இழுப்பதைக் குறைத்தால் அதே பெட்ரோலில் இன்னும் தூரம் பறக்கலாமே அப்பா என்று சொல்லிவைத்தாய் பார், புண்ணியவதி, அன்றிலிருந்து இந்த வீட்டுக்குக் காற்றுதான் எதிரி. மின்விசிறியைப் போட்டால்கூட முறைக்கிறார். சக்கரங்களுக்குக் கண்ணாடியிழையில் கூடு செய்தார், அது காய்ந்தது என் சாப்பாட்டு மேசையில், ஒரு வாரம் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இறக்கையைத் தாங்கும் உருண்டைக் குழாய்களுக்கு முன்னால் பருத்துப் பின்னால் மெலிந்த உறை மாட்டினார். எதற்கு இத்தனை பாடு என்றால், உன் ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னாலேயே டேங்க் காலியாகிவிடுமாம், நடுவில் இறங்க இடமில்லை, காடும் மலையும்தானாம். ரயில் என்று ஒன்று ஓடுகிறதே என்றேன். அதில் இரண்டு முறை மாற வேண்டுமாம், அது ரொம்பக் கஷ்டமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் கையில் டேப்பைக் கொடுத்து, விமானத்தில் எங்கே ஓட்டை, சந்து, இடுக்கு தெரிந்தாலும் ஒட்டிவிடு என்றார். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதை அப்படியே கேட்டது அன்று ஒரு நாள்தான். மறுநாள் மைதானத்தில் தரையில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டார். இருபது நிமிடம் ஜோராக ஓடிவிட்டு இருமி நின்றது. அங்கிருந்த மெக்கானிக் அதையும் இதையும் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் உன் அப்பா பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திருகினார், உஸ் என்று காற்று உள்ளே போனது. மூடியின் நடுவே மிளகளவு ஓட்டை, அதன் மேல் என் டேப், அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல். பெட்ரோல் இறங்க வேண்டுமானால் அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டுமாம். இதை முதல் நாளே சொல்ல வாய் வரவில்லை மகாராஜாவுக்கு. காட்டுக்கு மேலே எஞ்சின் நின்றிருந்தால் என்று நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "மூணு வருஷம் ஆச்சு, அவளப் பாத்து," என்றார். இதை உன்னிடம் போனில் சொல்வார் என்று நினைக்கிறாயா? உன்னிடம் காற்றைப் பற்றித்தான் பேசுவார்.

வருகிற ஞாயிறு கிளம்பப் போகிறாராம். நீ நல்லா இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, வேளைக்குச் சாப்பிடு. இனி அவருக்கு யோசனை எதுவும் சொல்லாதே, நீ வரும் தேதியைச் சொல். இரண்டு முறை மாறினால் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது. பெட்ரோல் மூடி என் தையல் பெட்டியில் இருக்கிறது. காலையிலிருந்து வீட்டைப் புரட்டித் தேடுகிறார், நானும் கூடவே தேடுகிறேன். நீ வாசலில் வந்து நின்றால்தான் அது கிடைக்கும்.

இப்படிக்கு,
டேப் ஒட்டிய பாவி,
உன் அம்மா