துளசியின் தொங்கும் பாய்லர்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
மார்ச் 9

அன்புள்ள மகள் துளசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே ஷெஃபீல்டில் நீயும் அப்படியே இருக்கத் தண்ணீர்மலை முருகன் துணை. உன் தம்பி சுகுமாரனுக்குச் சுங்கை பினாங்கில் வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் பால் காய்ச்சுகிறான். மூன்று வாரமாக நீ என் போனை எடுப்பதில்லை, கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். கற்பனை நீராவி என்ஜின் போட்டிக்காக நீ வரைந்து அனுப்பிய மலையேறும் என்ஜினை அன்று நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, "இது ஓடாதுலா, பாய்லர் என்ன தொட்டிலா, தொங்க விடுறதுக்கு" என்று சிரித்துவிட்டேன். கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் பாய்லர் பார்த்தவன் என்கிற திமிர். நீ போட்டியிலிருந்து விலகப் போகிறாய் என்று அம்மா சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் உன் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். மேட்டில் பாய்லர் சாய்ந்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிவிடும், நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் தகடு காய்ந்து வெடிக்கும், அதற்காகத்தான் எந்தச் சரிவிலும் மட்டமாக நிற்கும்படி அதை அச்சில் தொங்கவிட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாதிக்கு ரோஸ் சிரப் தண்ணீர் ஊற்றி, இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு, பக்கத்து வீட்டு ராமதாஸின் காய்கறி லாரியில் கட்டினேன். அவன் அணைக்கட்டு மேட்டில் ஓட்ட, நான் பின்னால் டப்பாவோடு உட்கார்ந்துகொண்டேன். லாரி மூக்கைத் தூக்கியது, சிரப் டப்பாவில் நான் போட்ட கோட்டை விட்டு நகரவே இல்லை. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அவன் பயந்துபோய் சடாரென்று பிரேக் போட, டப்பா தாறுமாறாக ஆடி, மூடி கழன்று என் சட்டையெல்லாம் சிவப்பு. "அண்ணே, ரத்தமா" என்று ஓடிவந்தான். "இல்லலா, எம்மக பாஸாயிட்டா" என்றேன்.

ஆனால் அந்த ஆட்டம்தான் உன் என்ஜினின் குறை. ஒவ்வொரு பிரேக்குக்கும் பாய்லர் அப்படி ஆடினால் நீராவிக் குழாயின் இணைப்பு தாங்காது. அதனால் மேட்டில் ஏறியவுடன் வண்டியை நிறுத்தி, பாய்லரை மட்டம் பார்த்து, தடிமனான ஆணி ஒன்றை மாட்டிச் சட்டத்தோடு பூட்டிவிட வேண்டும். புதன்கிழமை அப்படியே பூட்டிக்கொண்டு ஏறினோம், ராமதாஸ் மூன்று தடவை பிரேக் போட்டான், டப்பா அசையவில்லை. சரிவு மாறும் இடத்திலெல்லாம் நிற்க வேண்டியிருக்கும், விரைவு ரயிலுக்கு ஆகாது, மலை ரயிலுக்குத் தாராளமாக ஆகும். ஆணி எங்கே வர வேண்டும் என்று வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், அளவுகளை நீ போட்டுக்கொள்.

நன்றாகச் சாப்பிடு, அம்மாவின் முட்டி வலி இப்போது தேவலை, கவலைப்படாதே. போட்டிக்குக் கடைசி நாள் முப்பதாம் தேதி, மறந்துவிடாதே. நடுவர்கள் கேட்கும் முன்னால் பிரேக் போட்டால் ஆடும் என்பதை நீயே சொல்லிவிடு, அப்புறம் ஆணியைக் காட்டு, தலை நிமிர்ந்து பேசு. முருகன் அருளால் உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும். பரிசு வந்தாலும் வராவிட்டாலும், ஓடாது என்று நான் சொன்னது தப்பு. வாயால் சொன்னால் மழுப்புவேன் என்றுதான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன், கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

தப்பை ஒப்புக்கொள்ளும்
உன் அப்பா
புவனேஸ்வரன்